அஸ்தி எங்கே போய்ச் சேர வேண்டும்?

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைச் சாமானுக்குப் பேர்போன ஊர். குத்துவிளக்கு, தாம்பாளம், பூச்சாடி என்று அங்கே வார்த்து, கடைந்து, மெருகேற்றிக் கப்பலேற்றும் சரக்கில் ஒன்று வெளிநாட்டாருக்கான அஸ்திக் கலசம். திருகு மூடி, பூவேலைப்பாடு, எனாமல் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு வீட்டின் வரவேற்பறை அலமாரியில் இரண்டு தலைமுறைக்கு அசையாமல் நிற்க வேண்டிய பொருள் அது. இந்தியாவின் தென்கோடியில், மயானத்துக்கு எதிரே பூமாலையும் ஊதுவத்தியும் விற்கும் கடையில், அதே வேலைக்கு ஒரு மண் கலயம் கிடைக்கிறது. அதற்கு ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். ராமேசுவரத்திலோ காவிரிக் கரையிலோ சாம்பலோடு அதுவும் தண்ணீருக்குள் போய்விடும்.

எதில் வைப்பது என்று கேட்டால் கடைக்காரரிடம் நூறு பதில் உண்டு. எங்கே சேர்ப்பது என்பதற்குக் குடும்பம்தான் பதில் சொல்ல வேண்டும். இழவு வீட்டில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. முதலில் பாத்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் மூத்தவர் காசி என்பார், தங்கை ராமேசுவரம் போதும் என்பார், வெளிநாட்டில் இருக்கும் கடைக்குட்டி தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று போனில் அழுவார். கரைப்பதா, மாடத்தில் வைப்பதா, மண்ணில் புதைப்பதா, பங்கிடுவதா என்பது முடிவானால் பாத்திரம் தானாக முடிவாகும். மாற்றிச் செய்தால் செலவும் மனத்தாங்கலும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே தொடங்கலாம். விறகுச் சிதை என்றால் மறுநாள் காலையிலோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பு. சாதிக்கும் ஊருக்கும் ஏற்பக் காடாற்று, சஞ்சயனம், எலும்பு பொறுக்குதல் என்று பெயர் மாறும். அடங்கிய சாம்பலின் மேல் முதலில் தண்ணீர், பிறகு பால், இளநீர். மயானத் தொழிலாளி குச்சியால் மெல்லக் கிளறிக் காட்ட, மகன் காலடியில் தொடங்கித் தலைமாடு வரை ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஓரிரு எலும்புத் துண்டுகளை எடுத்துக் கலயத்தில் போடுகிறார். மண்டை ஓட்டுத் துண்டு கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலாக. வாயைத் துணியால் மூடிக் கட்டுகிறார்கள். எஞ்சிய சாம்பலைக் கூட்டிவிட்டு அதன்மேல் நவதானியம் தூவும் ஊர்களும் உண்டு. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் பல குடும்பங்களில் இல்லை. அன்றே கரைக்க முடியாவிட்டால் மயானத்திலோ வெளியே ஒரு மரக்கிளையிலோ கட்டி வைப்பார்கள்.

எரிவாயு தகன மேடையும் மின்மயானமும் வந்தபின் நாள்கணக்கு மணிக்கணக்காகிவிட்டது. உலை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, தட்டை இழுத்து ஆறவைத்து, பெயரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். காலையில் எரியூட்டி, இரவே கலயத்தோடு ராமேசுவரத்துக்கு வண்டி ஏறும் குடும்பங்கள் இன்று ஏராளம். விறகுச் சிதை கொடுத்த அந்த ஓர் இரவின் அவகாசம் போய்விட்டது. எங்கே கரைப்பது என்று உட்கார்ந்து பேச முன்பு அந்த இரவு இருந்தது. இப்போது அந்தப் பேச்சு மயான வாசலில் நின்றபடியே நடக்கிறது.

வெளிநாட்டில் கதை வேறு. அங்கே எலும்பைப் பொறுக்குவதில்லை. உலையிலிருந்து வருவது அத்தனையும் எந்திரத்தில் அரைத்துப் பொடியாக்கி, ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். எடை 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். ஊரில் உள்ளங்கையளவு கலயத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கனத்தை எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்கக் கலச வியாபாரிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இறந்தவரின் உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு கன அங்குலம். நம் கணக்கில் ஒரு கிலோவுக்குச் சுமார் 36 மில்லி லிட்டர். 70 கிலோ இருந்தவருக்கு இரண்டரை லிட்டர் ஆகும். கடைகளில் பெரியவர் அளவு என்று விற்பது 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர். நம் வீட்டு மூன்று லிட்டர் குக்கரை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். ஆனால் சாம்பலின் அளவைத் தீர்மானிப்பது கொழுப்பு அல்ல, எலும்பு. ஒல்லியாக உயரமாக இருந்தவரின் சாம்பல், குள்ளமாகப் பருத்திருந்தவரின் சாம்பலைவிட அதிகமாக இருக்கலாம். சந்தேகமென்றால் ஒரு அளவு பெரிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே கலசம் என்றும் ஒரு வகை அங்கே விற்பனையில் உண்டு. கொள்ளளவு இரு மடங்கு. இது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒரு பெண் குயவரிடம் கேட்பதும் இதைத்தான். தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள்.

தாழி என்றதும் ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வராமல் இருக்காது. தாமிரபரணிக் கரையில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிப் பார்த்த இடம் அது. பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்தபோது தாழிகளோடு இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் என்று குவிந்தன. சிவகளையிலும், கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் அண்மைக் காலத்தில் வரிசை வரிசையாகத் தாழிகள் வெளிப்பட்டன. இவற்றைச் சாம்பல் கலசத்தின் பாட்டன் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது முழு உண்மையல்ல. பெரும்பாலும் உடலையோ, வெளியில் கிடத்திச் சதை நீங்கியபின் சேகரித்த எலும்புகளையோ வைத்துப் புதைத்த பாத்திரங்கள் இவை. மண்ணுக்குள் நிலைத்திருக்கச் செய்தவை. இன்றைய கலயம் கரைந்துபோகச் செய்தது. இரண்டையும் வனைந்தவர் குயவர் என்பதுதான் ஒற்றுமை.

சாம்பல் என்கிறோமே, அது விறகுச் சாம்பல் போன்றதல்ல. அதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், எலும்பின் தாது. உடலின் கரிமம் அநேகமாக முழுதும் புகையாகப் போய்விடுகிறது. மரபணுவும் அந்தச் சூட்டில் மிஞ்சுவதில்லை. உப்பும் காரத்தன்மையும் அதிகம் என்பதால் அப்படியே செடியின் வேரில் கொட்டினால் உரமாகாது, செடியைப் பட்டுப்போகச் செய்யும். அப்பாவின் அஸ்தியை மாமரக் கன்றுக்கு அடியில் போட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொஞ்சமாக எடுத்து, நிறைய மண்ணும் மக்கிய எருவும் கலந்து, வேரிலிருந்து தள்ளிப் போட வேண்டும். விதையோடு சேர்த்து விற்கும் மக்கும் கலசங்களும், ஸ்பெயினில் உருவான பயோஸ் அர்ன் போல, உலகச் சந்தையில் உண்டு. அவற்றிலும் சாம்பலுக்கும் விதைக்கும் தனித்தனி அறை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சாம்பலை வைரமாக்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. சுவிட்சர்லாந்தின் அல்கோர்தான்சா அவற்றில் ஒன்று. சாம்பலில் எஞ்சிய சொற்பக் கரிமத்தையோ, முடியிலிருந்து எடுத்த கரிமத்தையோ பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து வைரம் வளர்க்கிறார்கள். வாங்குவதில் தவறில்லை. ஆனால் மோதிரத்தில் மின்னுவது அம்மாவின் எந்தப் பங்கு, எத்தனை பங்கு என்பதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. நம்பிக்கைதான் அதன் விலை. இதே வரிசையில் ஃபுளோரிடா கடலடியில் சிமென்ட்டோடு சாம்பலைக் கலந்து செயற்கைப் பவளப்பாறை அமைப்பதும் உண்டு, ராக்கெட்டில் அனுப்புவதும் உண்டு. வால்மீன் ஆய்வாளர் யூஜின் ஷூமேக்கரின் சாம்பலில் ஒரு சிட்டிகை 1999இல் லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தோடு நிலவில் மோதியது. நிலவுக்குப் போக ஆசைப்பட்டு உடல்நலக் குறைவால் போக முடியாமல் போனவர் அவர். அவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு விளம்பரம்.

பாத்திரம் எத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதற்குத் தமிழர் அறிய வேண்டிய கதை ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1891இல் பிறந்த செண்பகராமன் பிள்ளை, ஜெர்மனியில் இருந்தபடி ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் பாடுபட்டு, 1934இல் பெர்லினில் இறந்தார். தம் அஸ்தியில் ஒரு பங்கைக் கரமனை ஆற்றிலும், மறுபங்கை நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சுதந்திர இந்தியாவின் கொடி பறக்கும் கப்பலில் ஊர் திரும்ப வேண்டும் என்றும் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். மனைவி லட்சுமிபாய் அந்த அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பம்பாயில் வைத்துப் பாதுகாத்தார். நாடு விடுதலை பெற்றது, அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போயின. 1966இல்தான் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அதை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்தது. இறந்து 32 ஆண்டுகள். அந்த அம்மாள் எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் அதைக் காப்பாற்றியது.

குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து போன விடுதலைப் போராளி ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா இன்னும் முன்யோசனைக்காரர். லண்டனில் இந்தியா ஹவுஸ் நடத்திய அவர் 1930இல் ஜெனீவாவில் இறந்தார். தம் அஸ்தியை அங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் மாடத்தில் 100 ஆண்டுகள் வைத்திருக்க முன்கூட்டியே பணம் கட்டி ஏற்பாடு செய்துவிட்டார். 2003இல் அது இந்தியாவுக்கு வந்து, இன்று சொந்த ஊரான மாண்டவியின் நினைவகத்தில் இருக்கிறது. இதற்கு நேர்மாறானது டோக்கியோவின் ரென்கோஜி கோயில். அங்கே 1945 செப்டம்பரிலிருந்து ஒரு கலசம் இருக்கிறது. நேதாஜியின் அஸ்தி என்று கோயில் சொல்கிறது. நேரு முதல் வாஜ்பாய் வரை பிரதமர்கள் போய் வணங்கியிருக்கிறார்கள். ஆனால் 2006இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, நேதாஜியின் மறைவை விசாரித்த முகர்ஜி ஆணையத்தின் அறிக்கை அது அவருடையதல்ல என்றது. அதனால் கரைக்கவும் முடியாமல், கொண்டுவரவும் முடியாமல் எண்பது ஆண்டாக அங்கேயே நிற்கிறது.

பங்கிடும்போது என்ன ஆகும் என்பதற்கு காந்தியைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. 1948 பிப்ரவரி 12 அன்று அலகாபாத் சங்கமத்தில் ஒரு பங்கு கரைக்கப்பட்டது. அதே நாளில் நாட்டின் வெவ்வேறு நீர்நிலைகளிலும் கரைத்தார்கள். கன்னியாகுமரியில் கலசத்தை மக்கள் பார்வைக்கு வைத்துப் பிறகு கடலில் விட்ட இடத்தில்தான் இன்று காந்தி மண்டபம் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாக வெயில் கலசம் இருந்த பீடத்தில் விழும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். இத்தனை ஒழுங்காக நடந்தும் சில பங்குகள் வழிதவறின. ஒன்று ஒடிசாவின் கட்டாக்கில் வங்கிப் பெட்டகத்தில் கிடந்தது. கொள்ளுப்பேரன் துஷார் காந்தி அதை மீட்டு 1997 ஜனவரி 30 அன்று சங்கமத்தில் கரைத்தார். இன்னொன்று 2008இல் மும்பைக் கடலில் போய்ச் சேர்ந்தது. மற்றொன்றைத் தென்னாப்பிரிக்காவில் ஒரு குடும்பம் காத்துவந்தது. அது 2010இல் டர்பன் கடலில் கலந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு தியான மையத்தில் கல்பெட்டிக்குள் இன்றும் ஒரு பங்கு இருக்கிறது.

தேசத்தந்தைக்கே இந்தக் கதி என்றால், மூன்று நாடுகளில் வாழும் மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னச் செப்பாகப் பிரித்துக்கொள்ளும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. பங்கிட்டால், எந்தப் பங்கு யாரிடம், அதைக் கடைசியில் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் வைத்துக்கொள்ளட்டும். பேரப்பிள்ளைகள் காலத்தில் அலமாரியைக் காலி செய்யும்போது அந்தச் செப்பு என்னவென்றே தெரியாத ஒருவர் கையில் அது கிடைக்கக் கூடாது. நேரு இதில் தெளிவாக இருந்தார். 1954இல் எழுதிய உயிலில் ஒரு கைப்பிடியைக் கங்கையில் இடவும், மீதியை விமானத்திலிருந்து உழவர்களின் வயல்கள்மேல் தூவவும் சொல்லிவிட்டார். மதச் சடங்குக்காக அல்ல என்பதையும் அதிலேயே சேர்த்துவிட்டார். பங்கும் இடமும் எழுத்தில் இருந்ததால் சண்டைக்கு இடமில்லை.

இனி நம்மூர்த் தண்ணீர். ராமேசுவரத்தின் அக்னி தீர்த்தம், ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபம், திருவையாறு, பவானி கூடுதுறை, பாபநாசம், வேதாரண்யம், கன்னியாகுமரி என்று பட்டியல் நீளும். வைகைக் கரைத் திருப்புவனத்தில், கொண்டுவந்த அஸ்தி பூவாகிப்போனதாகத் தலபுராணம். ஆனால் ஆறுகளின் இன்றைய நிலைக்குப் புராணம் உதவாது. கோடையில் படித்துறைக்குக் கீழே கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். அங்கே கலயத்தை விட்டால் அடுத்த குடும்பத்தின் காலில் தட்டும். படித்துறை ஓரம் கிடக்கும் கழற்றிப் போட்ட வேட்டி, புடவை, பிளாஸ்டிக் பை, தெர்மாகோல் தட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் சாம்பல் ஆற்றுக்குச் செய்யும் கேடு மிகச் சிறியது.

ஆகவே ஆற்றுக்கோ கடலுக்கோ என்றால் சுட்ட மண் கலயத்தை வெல்ல வேறு பாத்திரம் இல்லை. வண்ணம் பூசாதது, மெருகு இல்லாதது நல்லது. மூடியிருப்பது பருத்தித் துணியாகவும் கட்டியிருப்பது பருத்தி நூலாகவும் இருக்கட்டும், நைலான் கயிறு வேண்டாம். பயணத்தில் கலயத்தைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் கரையிலேயே பையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பித்தளைச் செம்பில் கொண்டுபோனால் சாம்பலை மட்டும் கரைத்துவிட்டுச் செம்பை வீட்டுக்குக் கொண்டுவருவதா என்ற தர்மசங்கடம் வரும். பெரும்பாலும் அது ஆற்றில் போய், பின்னால் காசு தேடி மூழ்குபவர் கைக்குச் சேர்கிறது. கரையில் நிற்கும் தரகர்கள் துக்கத்தில் இருப்பவர் பேரம் பேச மாட்டார் என்று தெரிந்தே தொகை சொல்வார்கள். படகு, புரோகிதர், பொருள் மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்பதை இறங்குவதற்கு முன்பே, துக்கத்தில் நேரடியாக இல்லாத ஒரு உறவினர் பேசி முடிப்பது நல்லது. மாமன், மைத்துனர் எல்லாம் எதற்கு இருக்கிறார்கள்?

போக முடியாதவர்களுக்காக அஞ்சல் துறையும் வழி செய்திருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2021இல், ஓம் திவ்ய தர்ஷன் என்ற அமைப்போடு சேர்ந்து ஸ்பீட் போஸ்ட்டில் அஸ்தியை அனுப்பி வாரணாசி, பிரயாக்ராஜ், ஹரித்வார், கயாவில் கரைக்கச் செய்யும் திட்டம் வந்தது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு முதல் கேள்வியே ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே விடுவதா என்பது. கொண்டுவருவதென்றால் இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டுமா என்பதை விமானச் சீட்டு எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பாத்திரத்தைப் பற்றிய விதி இங்கேதான் கண்டிப்பானது. அமெரிக்க விமான நிலையங்களில் கலசம் எக்ஸ்ரேயில் ஊடுருவித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதிகாரிகள் திறந்து பார்க்கவும் மாட்டார்கள், குடும்பமே கேட்டுக்கொண்டாலும் திறக்க மாட்டார்கள், உள்ளே விடவும் மாட்டார்கள். கனமான பித்தளைக் கலசம் அங்கேயே நின்றுவிடும். மரம், அட்டை, பிளாஸ்டிக் தகராறு செய்வதில்லை. ஆசைப்பட்டு வாங்கிய கலசம் இருந்தால் அதைக் காலியாகப் பெட்டியில் போட்டு, சாம்பலை மயானம் கொடுத்த பெட்டியிலேயே கையில் எடுத்துவருவது பத்திரம்.

அங்கேயே விடுவதற்கும் இன்று கௌரவமான வழிகள் உண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் சோர் ஆற்றில் இந்துக்களும் சீக்கியர்களும் படகில் போய்க் கரைக்கிறார்கள். வேல்ஸில் கார்டிஃப் நகரின் டாஃப் ஆற்றங்கரையில் 2021இல் இதற்கென்றே ஒரு மேடை கட்டினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஆளில்லாத அரசு நிலத்திலும், அதைச் சேர்ந்த நீர்நிலைகளிலும் தூவத் தடையில்லை. அமெரிக்காவில் கடலில் என்றால் கரையிலிருந்து 3 கடல்மைல் தள்ளிப் போய், முப்பது நாளுக்குள் சுற்றுச்சூழல் முகமைக்கு அறிவிக்க வேண்டும். பிளாஸ்டிக் பூவும் போடக் கூடாது. சிங்கப்பூரில் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே 2.8 கிலோமீட்டரில் கடலில் இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடலில் தண்ணீர் பட்டதும் கரையும் உப்புக் கலசங்களும், சற்று நேரம் மிதந்து மூழ்கும் காகிதக் கலசங்களும் இந்த இடங்களுக்காகவே வந்தவை. மண் கலயம் கிடைக்காத ஊரில் அவை நல்ல மாற்று.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. வெளியே வாங்கிய கலசத்தை ஏற்க மாட்டோம் என்றோ, அதற்குத் தனிக் கட்டணம் என்றோ ஈமச்சடங்கு நிறுவனம் சொல்ல முடியாது. 1984 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி விதி, விலைப்பட்டியலைக் கையில் கொடுக்கவும் கட்டாயப்படுத்துகிறது. கலசமே வாங்காமலும் இருக்கலாம். மயானம் கொடுக்கும் சாதாரணப் பெட்டி ஆற்றங்கரை வரை தாங்கும்.

கரைக்கும் மரபு இல்லாதவர்களுக்கு மாடம். இங்கே நிலம்தான் நெருக்கடி. ஹாங்காங்கில் அரசு மாடங்களையே 20 ஆண்டுத் தவணையில்தான் கொடுக்கிறார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். டோக்கியோவின் கொகொகுஜி கோயிலில் ருரிதென் என்றொரு மண்டபம். சுமார் 2000 கண்ணாடிப் புத்தர் சிலைகள் சுவர் முழுக்க வரிசையாக இருக்கின்றன. வருபவர் அட்டையைக் காட்டினால் தன் குடும்பத்தவருக்குரிய சிலை மட்டும் வேறு நிறத்தில் ஒளிரும். 33 ஆண்டுகள் கழித்துச் சாம்பலைப் பொதுவிடத்தில் சேர்த்துவிடுவார்கள். ஜப்பானியரும் நம்மைப் போலவே எலும்பைக் கால் பக்கத்திலிருந்துதான் எடுக்கத் தொடங்குகிறார்கள், குச்சியால் பிடித்து, இருவர் சேர்ந்து. டோக்கியோ பக்கம் எல்லா எலும்பையும் சேகரிப்பதால் பெரிய பீங்கான் ஜாடி. ஒசாகா பக்கம் கொஞ்சம் மட்டும், அதனால் சின்ன ஜாடி. சிங்கப்பூர் 2021இல் சுவா சூ காங்கில் அமைதிப் பூங்கா ஒன்றைத் திறந்தது. மதம் எதுவானாலும் சாம்பலைத் தரையில் தூவித் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். பெயர்ப்பலகை கிடையாது. இட நெருக்கடிக்கு இதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது.

கத்தோலிக்கர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எரிப்பதைத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. ஆனால் 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலைத் தூவுவதையும் பங்கிடுவதையும் வீட்டில் வைப்பதையும் ஏற்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலோ ஆலயத்திலோ வைக்கச் சொல்கிறது. 2023 டிசம்பரில் ஒரு சிறு பங்கை, இறந்தவருக்கு முக்கியமான வேறோர் இடத்தில் வைப்பது குறித்து மட்டும் சற்று இறங்கிவந்தது. கலப்புத் திருமணக் குடும்பங்களில் இதை முன்பே பங்குத்தந்தையிடம் பேசிவிடுவது நல்லது.

அஸ்தி போனபின் எஞ்சுவது நினைவுச்சின்னம். அதற்குச் சாம்பல் வேண்டியதில்லை. நடுகல்லுக்கும் பள்ளிப்படைக் கோயிலுக்கும் உரிய நாடு இது. தம் பாட்டனார் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் மேல்பாடியில் எழுப்பிய கோயிலில் இன்றும் சிவனுக்குத்தான் பூசை நடக்கிறது. கன்னியாகுமரியில் காமராஜரின் அஸ்தியைக் கடலில் கரைக்குமுன் வைத்திருந்த இடத்தில் 2000இல் மணிமண்டபம் வந்தது. சாமானியர் கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுக்கிறார். வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் பெயரெழுதும் உபயதாரர்களை எல்லோரும் கேலி செய்தாயிற்று. ஆனாலும் அந்த மரபின் உள்ளெண்ணம் சரியானதே. படித்த அரசுப் பள்ளிக்கு ஒரு தண்ணீர் வடிகட்டி, நூலகத்துக்குப் புத்தக அலமாரி, ஆண்டுதோறும் ஒரு மாணவிக்குக் கட்டணம் என்று எது செய்தாலும், பித்தளைக் கலசத்தின் விலையில் பல ஆண்டுகள் நிற்கும். உடலையே கொடையாக விட்டுச்செல்வோரும் உண்டு. உறுப்புக்கொடை தருபவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பவர்களின் குடும்பத்துக்கு அஸ்தியே கிடையாது. வழக்கமான காரியங்களை எதிர்பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பது அபசகுனம் என்று ஒத்திப்போட வேண்டாம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லோரும் கூடும்போது நேராகவே கேட்கலாம். பல பெரியவர்கள் கேட்கக் காத்திருந்ததுபோல் பதில் சொல்வார்கள். எந்த ஊர்த் தண்ணீர், பங்கு உண்டா இல்லையா, கொண்டுபோகிறவர் யார் ஆகிய மூன்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, ஆதார் அட்டையும் காப்பீட்டுப் பத்திரமும் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். கலயத்தை அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.